விஇஜிஎஃப் மூன்று மடங்கு ஏறிவிட்டதே, புற்று முற்றுகிறதா?

கேள்வி இதுதான். கேட்டவரின் தாய்மாமாவுக்கு 61 வயது. பெருங்குடலில் புற்றுநோய், கண்டுபிடிக்கும்போதே கல்லீரலுக்குப் பரவியிருந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபால்ஃபாக்ஸ் கீமோ, அதோடு பெவாசிஸுமாப். ஆறு சுற்று முடிந்துவிட்டது. குடல் புற்றின் போக்கைப் பார்க்க ரத்தத்தில் அளக்கும் சிஇஏ 148-லிருந்து 31-க்கு இறங்கியிருக்கிறது, டாக்டரும் திருப்தியாக இருக்கிறார். இதற்கு நடுவே யாரோ சொன்னார்கள் என்று ஒரு தனியார் லேபில் 'வளர்ச்சிக் காரணிகள்' பேக்கேஜ், அதாவது செல்களை வளரத் தூண்டும் புரதங்களை அளக்கும் பரிசோதனை, எடுத்திருக்கிறார்கள். சிகிச்சைக்கு முன் ஒரு மில்லிலிட்டருக்கு 190 பிகோகிராம் இருந்த விஇஜிஎஃப் (புது ரத்தக்குழாய்களை வளரவைக்கும் காரணி), இப்போது 610. அதே பேக்கேஜில் இருந்த வேறு இரண்டு காரணிகளில் ஐஜிஎஃப்-1 குறைவு, ஜிடிஎஃப்-15 அதிகம். மாமா பல வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார் என்பதைக் கடைசி வரியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறார். "வளர்ச்சிக் காரணி ஏறினால் கட்டி வளர்கிறது என்றுதானே அர்த்தம்? இதை மாமாவிடம் எப்படிச் சொல்வது?"

மாமாவிடம் சொல்ல ஒன்றுமில்லை. அந்த 610-ஐ வைத்து நோய் முற்றுகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. என் கணிப்பில், அந்த ஏற்றத்துக்குப் பெரும்பாலும் காரணம் அவருக்குப் போடுகிற ஊசியேதான். மருத்துவமனை லேபில் உயிர்வேதியியல் பிரிவில் நீண்ட காலம் இருந்தவன் நான். இந்த மாதிரி ரிப்போர்ட்டுகளில் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். அதனால் எண் எப்படிப் பிறக்கிறது என்பதிலிருந்து சொல்கிறேன்.

முதலில் ஊசி. பெவாசிஸுமாப் என்பது ஓர் ஆன்டிபாடி. ரத்தத்தில் திரியும் விஇஜிஎஃப்-ஐப் பிடித்துக்கொண்டு, அது ரத்தக்குழாய்ச் செல்களின் ஏற்பியில் போய் ஒட்டாமல் தடுப்பதுதான் அதன் ஒரே வேலை. விஇஜிஎஃப் தனியாக இருந்தால் ரத்தத்தில் அதிக நேரம் தங்காது, சீக்கிரமே வெளியேறிவிடும். ஆன்டிபாடியோ ஒருமுறை உள்ளே போனால் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 20 நாள் எடுக்கும். அதன் பிடியில் சிக்கிய விஇஜிஎஃப்-உம் அதோடு சேர்ந்து ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். தீபாவளிக்கு முந்தின நாள் பேருந்து நிலையத்தில் கூட்டம் நெரிகிறதே, அன்றைக்கு ஊரில் ஜனத்தொகை கூடிவிட்டது என்றா சொல்வோம்? பஸ் புறப்படவில்லை, அவ்வளவுதான். இந்த மருந்தை மனிதர்களுக்கு முதன்முதலில் கொடுத்துப் பார்த்த சோதனையிலேயே இது தெரிந்துவிட்டது: மருந்து போன பிறகு மொத்த விஇஜிஎஃப் ஏறுகிறது, கட்டுப்படாத விஇஜிஎஃப் மட்டும் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கிவிடுகிறது. கட்டிக்கு உதவக்கூடியது கட்டுப்படாத அந்தப் பகுதிதான். இதை அளக்கும் எலிசா கிட்டுகளில் (புரதத்தின் அளவை நிறமாற்றத்தால் காட்டுபவை) சில இரண்டையும் சேர்த்து எண்ணும், சில கட்டுப்படாததை மட்டும் எண்ணும். எந்த வகை என்று ரிப்போர்ட்டில் அச்சடிக்கிற வழக்கம் இல்லை. மாமாவின் லேப் முதல் வகைக் கிட்டை வைத்திருந்தால் 190 என்பது 610 ஆவதில் ஆச்சரியமே கிடையாது. இரண்டாம் வகையாக இருந்திருந்தால் எண் தரைமட்டத்துக்குப் போயிருக்கும், வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டிருப்பீர்கள். அந்தச் சந்தோஷத்துக்கும் இதே அளவுதான் ஆதாரம்.

ஆன்டிபாடிக்கு மட்டும் உரிய விஷயமல்ல இது. சிறுநீரகப் புற்றுக்குக் கொடுக்கும் சுனிடினிப் என்ற மாத்திரை விஇஜிஎஃப்-ஐப் பிடிப்பதில்லை, அதன் ஏற்பியை அடைக்கிறது. நான்கு வாரம் சாப்பிட்டு இரண்டு வாரம் நிறுத்துவார்கள். சாப்பிடும் வாரங்களில் விஇஜிஎஃப் ஏறும், நிறுத்தும் வாரங்களில் பழைய அளவை நோக்கி இறங்கும். இது கட்டியின் எதிர்ப்பா என்று பார்க்க, 2007-ல் கட்டியே இல்லாத ஆரோக்கியமான எலிகளுக்கு அந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றுக்கும் ஏறியது! வழி அடைபட்டதை உணர்ந்து உடம்பு கொடுக்கும் பதில் அது. புற்றுக்கும் அதற்கும் சம்பந்தமே தேவையில்லை.

சரி, ஊசியே போடாதவருக்கு? அங்கேயும் சிக்கல் உண்டு, அது ரத்தம் எடுக்கும் குழாயில் ஆரம்பிக்கிறது.

லேபில் ஊதா மூடிக் குழாய், சிவப்பு மூடிக் குழாய் என்று பார்த்திருப்பீர்கள். ஊதா மூடியில் ஈடிடிஏ இருக்கும், ரத்தம் உறையாது. சுழற்றினால் மேலே தெளிவது பிளாஸ்மா. சிவப்பு மூடிக் குழாயில் ரத்தம் அரைமணி நேரம் நின்று உறையும். பிறகு சுழற்றினால் கிடைப்பது சீரம். கொலஸ்ட்ராலுக்கோ கிரியேட்டினினுக்கோ இந்த வித்தியாசம் பெரிய விஷயமில்லை. வளர்ச்சிக் காரணிகளுக்கு இதுதான் தலைபோகிற விஷயம். காரணம் தட்டணுக்கள், அதாவது பிளேட்லெட். காயம் பட்ட இடத்தில் அடைப்பு போடுவதோடு அங்கே புதுத் திசு வளர ஆரம்பிக்கவும் வேண்டுமே. அதற்கான சரக்கைப் பிளேட்லெட்டுகள் சின்னச் சின்ன மூட்டைகளாக உள்ளேயே சுமந்து திரிகின்றன. விஇஜிஎஃப், பிடிஜிஎஃப், டிஜிஎஃப்-பீட்டா என்று பல வளர்ச்சிக் காரணிகள் அந்த மூட்டையில் உண்டு. சிவப்பு மூடிக் குழாயில் ரத்தம் உறையும்போது பிளேட்லெட்டுகள் மூட்டையை அவிழ்த்துக் கொட்டிவிடுகின்றன. ஆகவே சீரத்தில் நாம் அளக்கும் விஇஜிஎஃப்-இல் பெரும்பகுதி உடம்புக்குள் ரத்தத்தில் இருந்ததே இல்லை. அது நம் குழாய்க்குள் பிறந்தது.

ஒருமுறை எலிசா தட்டில் சில குழிகள் மிச்சமிருந்தன. என் கையிலிருந்தே இரண்டு குழாய் ரத்தம் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். நிறம் வரவைக்கும் அடிமூலப்பொருளை ஊற்றிய சில நிமிடங்களில் சீரக் குழி நன்றாக நிறமேறிவிட்டது. பிளாஸ்மாக் குழி வெறும் தண்ணீருக்கும் அதற்கும் வித்தியாசம் சொல்ல முடியாதபடி வெளிறிக் கிடந்தது. கணக்குப் போட்டால் பல மடங்கு இடைவெளி. ஒரே ஆள், ஒரே நரம்பு, ஒரே ஊசிக் குத்து. அந்தச் சீரத்தின் எண்ணை எடுத்துக்கொண்டு பிளாஸ்மாவுக்குரிய எல்லையோடு ஒப்பிட்டிருந்தால் எனக்கும் ஒரு 'அதிகம்' அச்சாகியிருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வளர்ச்சிக் காரணிகளில் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டதே இந்தக் குழாய் வித்தியாசத்தால்தான். 1974-ல் சியாட்டிலில் ரஸ்ஸல் ராஸ் குழுவினர் ரத்தக்குழாயின் தசைச் செல்களை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். உறைந்த ரத்தத்தின் சீரம் ஊற்றினால் செல்கள் பெருகின. பிளேட்லெட்டுகளை முன்கூட்டியே நீக்கிய ரத்தத்திலிருந்து எடுத்த சீரம் ஊற்றினால் சும்மா இருந்தன. பிளேட்லெட்டில்தான் சங்கதி என்று பிடித்தார்கள். அதுதான் பிறகு பிடிஜிஎஃப் என்று பெயர் பெற்றது. 1983-ல் ஒரு குரங்கு வைரஸின் புற்று மரபணு ஏறக்குறைய இதே பிடிஜிஎஃப்-ஐத்தான் உருவாக்குகிறது என்று தெரிந்தபோது, வளர்ச்சிக் காரணிக்கும் புற்றுக்கும் இருந்த உறவு பட்டென்று வெளிச்சத்துக்கு வந்தது. அப்படித் தொடங்கிய துறை, ரத்தப் பரிசோதனை என்று வந்தபோது அதே பிளேட்லெட்டில் போய்த் தடுக்கி விழுந்தது.

இதை மாமாவின் நிலைமையில் வைத்துப் பாருங்கள். பெருங்குடல் கட்டி மெதுவாகக் கசிந்துகொண்டே இருக்கும், இரும்புச்சத்து குறையும். இரும்பு குறைந்தால் பிளேட்லெட் எண்ணிக்கை ஏறுவது வழக்கம். அப்போது எடுத்த சீரத்தில் விஇஜிஎஃப்-உம் ஏறும். கீமோவால் பிளேட்லெட் இறங்கினால் இதுவும் இறங்கும். 'சிகிச்சையால் விஇஜிஎஃப் பாதியாகிவிட்டது' என்று ஒருவர் சொல்கிறார் என்றால், அவருடைய பிளேட்லெட் எண்ணிக்கை பாதியாகியிருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். இன்னொன்று, உறையவிடும் நேரம். கலெக்‌ஷன் சென்டரில் காலை ஏழு மணிக்கு எடுத்த குழாய், மெயின் லேபுக்கு வண்டியில் போய்ச் சுழற்றப்படுவதற்குள் மணி பத்தாகலாம். அதற்குள் பிளேட்லெட் மூட்டைகள் முழுசாகக் காலியாகியிருக்கும். பிளாஸ்மா என்றாலும், மெதுவாகச் சுழற்றிப் பிளேட்லெட்டை மிதக்கவிட்டுவிட்டு ஃப்ரீசரில் வைத்தால், உருக்கும்போது அவை உடைந்து எண்ணை ஏற்றிவிடும். இரண்டு முறை சுழற்ற வேண்டும் என்று ஆராய்ச்சிக் கட்டுரைகளில் எழுதியிருக்கும். தினமும் ஆயிரம் குழாய் வருகிற லேபில் யார் இரண்டு முறை சுழற்றுகிறார்கள்?

ஆகவே அந்த லேபுக்கு ஒரு போன் போட்டு, 190 வந்த அன்றைக்கும் 610 வந்த அன்றைக்கும் எந்தக் குழாய் என்று கேளுங்கள். ஒன்று ஊதா, ஒன்று சிவப்பு என்று பதில் வந்தால் மேற்கொண்டு எதையும் படிக்க வேண்டியதில்லை.

'ஆனால் விஇஜிஎஃப் அதிகமிருந்தால் ஆயுள் குறைவு என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றனவே?' ஆமாம், சொல்கின்றன. அவை பொய்யில்லை. ஜூடா ஃபோக்மன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1971-ல் ஒரு கருத்தை முன்வைத்தார்: புதிய ரத்தக்குழாய் வராவிட்டால் கட்டி ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வளர முடியாது. அந்தக் குழாய்களை வரவழைக்கும் சமிக்ஞைகளில் முக்கியமானது விஇஜிஎஃப் என்பது 1989-ல் நெப்போலியோனே ஃபெராரா என்ற விஞ்ஞானி அதைப் பிரித்தெடுத்த பிறகு தெளிவாயிற்று. பெவாசிஸுமாப் 2004-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, அதுவும் பரவிய பெருங்குடல் புற்றுக்குத்தான். இவ்வளவு நேர்த்தியான கதை இருக்கும்போது, ரத்தத்தில் விஇஜிஎஃப் அதிகம் உள்ளவருக்கு இந்த மருந்து அதிகம் உதவும் என்று எதிர்பார்ப்பது நியாயம்தானே. எல்லோரும் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள்.

பழைய சோதனைகளில் சேமித்து வைத்த ரத்த மாதிரிகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். மார்பகம், இரைப்பை, கணையம் ஆகியவற்றில் ஆமாம் போலத் தெரிந்தது. குடல், நுரையீரல், சிறுநீரகப் புற்றுகளில் நடந்த நான்கு பெரிய சோதனைகளின் மாதிரிகளில் வேறு மாதிரி வந்தது: விஇஜிஎஃப் அதிகமிருந்தவர்களுக்குப் பொதுவாக நோயின் போக்கு மோசம், ஆனால் மருந்தால் யாருக்கு அதிகப் பலன் என்பதை அது காட்டிக்கொடுக்கவில்லை. கடைசியில், முன்கூட்டியே திட்டமிட்டு மெரிடியன் என்ற சோதனையை நடத்தினார்கள். பரவிய மார்பகப் புற்றுள்ள 481 பேர். சிகிச்சை தொடங்குமுன் பிளாஸ்மா விஇஜிஎஃப் அளந்து, அதிகம், குறைவு என்று பிரித்து, பெவாசிஸுமாப் சேர்த்தும் சேர்க்காமலும் கொடுத்தார்கள். 2017-ல் முடிவு வெளியானது. மருந்து நோய் முன்னேறுவதைச் சற்றுத் தள்ளிப்போட்டது, விஇஜிஎஃப் அதிகம் உள்ளவர்களுக்கும் குறைவாக உள்ளவர்களுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி. அத்தோடு அந்த எதிர்பார்ப்புக்கு ஒரு முற்றுப்புள்ளி விழுந்தது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

நூற்றுக்கணக்கான பேரைக் கூட்டமாக வைத்துப் பார்த்தால் தெரியும் போக்கு ஒன்று, ஒரு ஆளின் இரண்டு ரிப்போர்ட்டுக்கு நடுவே உள்ள வித்தியாசம் இன்னொன்று. இதற்கு லேபில் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். உதாரணத்துக்கு, கருவியின் தடுமாற்றம் 10 சதவீதம், அந்த ஆளின் உடம்பில் நாளுக்கு நாள் இயல்பாக நடக்கும் ஏற்ற இறக்கம் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டின் வர்க்கத்தையும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, 2.77-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 62 வரும். அதாவது இரண்டு ரிசல்ட்டுக்கு நடுவே 62 சதவீதத்துக்கும் குறைவான மாற்றம் இருந்தால் அதை மாற்றம் என்றே எடுத்துக்கொள்ளக் கூடாது. 190 என்பது 300 ஆனால்கூடச் சும்மா இருக்கலாம். மாமாவுடையது அதையெல்லாம் தாண்டிவிட்டது, உண்மையிலேயே ஏறியிருக்கிறது. ஏன் ஏறியது என்பதை மட்டும் இந்தக் கணக்கு சொல்லாது.

ஏறுவதற்குக் காரணங்களுக்கா பஞ்சம்? ஆக்சிஜன் குறைந்தாலே செல்கள் விஇஜிஎஃப் செய்ய ஆரம்பிக்கும். (செல்கள் ஆக்சிஜன் குறைவை எப்படி உணர்கின்றன என்று கண்டுபிடித்ததற்குத்தான் 2019-ல் மூன்று பேருக்கு நோபல் கொடுத்தார்கள்.) அறுவை சிகிச்சைக் காயம் ஆறும் வாரங்களில் ஏறும். ரத்தசோகை, தொற்று, மூட்டுவாதம் எதிலும் ஏறலாம். இத்தனைக்கும் நடுவே கட்டி விடுகிற பங்கு கடலில் கரைத்த பெருங்காயம்தான்.

அந்தப் பேக்கேஜில் இருந்த மற்ற இரண்டுக்கும் வருகிறேன்.

ஐஜிஎஃப்-1 குறைவு. இதைப் பார்த்துவிட்டு 'வளர்ச்சிக் காரணி குறைந்திருக்கிறது, நல்லதுதானே' என்று ஒருவர் நினைக்கலாம். இதில் பெரும்பகுதியைச் செய்வது கல்லீரல். சரியாகச் சாப்பிடாவிட்டால் குறையும், கல்லீரல் பாதிக்கப்பட்டால் குறையும். கல்லீரலிலேயே தோன்றும் புற்றில் ஐஜிஎஃப்-1 குறைவாக இருப்பது கெட்ட அறிகுறி. பெயரை வைத்து அர்த்தம் பண்ணினால் இப்படித் தலைகீழாகப் போய் நிற்கும். 1998-ல் அமெரிக்க மருத்துவர்களிடையே நடந்த ஓர் ஆய்வில், ஐஜிஎஃப்-1 மேல்மட்டத்தில் இருந்தவர்களுக்குப் பின்னாளில் புராஸ்டேட் புற்று வரும் வாய்ப்பு கீழ்மட்டத்தில் இருந்தவர்களைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு என்று வந்து பெரிய பரபரப்பானது. பிறகு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அந்த வித்தியாசம் மிகவும் சுருங்கிவிட்டது. எப்படியானாலும் அது புற்று வருமா என்ற கேள்விக்கான பதில். வந்த புற்று முற்றுகிறதா என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. மாமாவுக்குக் குறைந்திருப்பது ஆறு சுற்று கீமோவில் சாப்பாடு இறங்காததால் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஜிடிஎஃப்-15 சுவாரசியமானது. பெயரில்தான் வளர்ச்சி, வேலையைப் பார்த்தால் பசியைக் கெடுப்பதுதான். மூளைத்தண்டில் இருக்கும் ஓர் ஏற்பியைத் தட்டி, குமட்டலையும் பசியின்மையையும் கொண்டுவருகிறது. அந்த ஏற்பியை 2017-ல் நான்கு குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தன. புற்றுநோயாளிகள் எலும்பும் தோலுமாக இளைத்துப்போவதில் இதற்கு நிஜமான பங்கு இருக்கிறது: 2024-ல் வெளியான ஒரு சோதனையில், ஜிடிஎஃப்-15 அதிகமிருந்து எடை இழந்துகொண்டிருந்த 187 நோயாளிகளில் சிலருக்கு அதைத் தடுக்கும் பொன்செக்ரோமாப் என்ற ஆன்டிபாடியைக் கொடுத்தார்கள். 12 வாரத்தில், அதிக அளவு மருந்து பெற்றவர்களின் எடை, வெற்று ஊசி பெற்றவர்களைவிட 5.6 சதவீதம் கூடியிருந்தது. ஆக இந்தக் காரணியின் ரத்த அளவுக்கு வருங்காலத்தில் ஒரு வேலை இருக்கலாம். ஆனால் மாமா மெட்ஃபார்மின் சாப்பிடுகிறாரே! மெட்ஃபார்மின் ஜிடிஎஃப்-15-ஐ நன்றாகவே ஏற்றிவிடும். அந்த மாத்திரையால் சிலருக்குப் பசி குறைந்து எடை இறங்குவதே இதன் வழியாகத்தான் என்று ஒரு தரப்பு வாதிடுகிறது. இதய பலவீனம், சிறுநீரகக் கோளாறு இருந்தாலும் ஏறும். கர்ப்பிணிகளுக்கு எக்கச்சக்கமாக ஏறும். ரிப்போர்ட்டில் 'என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்' என்று ஒரு கட்டம்கூட இல்லாமல் இதை அளந்து கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அடுத்த முறை எச்ஜிஎஃப் என்று இன்னொரு வளர்ச்சிக் காரணியையும் சேர்த்து விற்பார்கள். மாமாவுக்குக் கீமோ போர்ட் (மருந்து ஏற்றத் தோலுக்கடியில் வைக்கும் சின்னக் கருவி) இருந்தால், அதைக் கழுவி மூடும்போது ரத்தம் உறையாமலிருக்க ஹெபாரின் போடுவது உண்டு. செல்களின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் எச்ஜிஎஃப்-ஐ ஹெபாரின் கழற்றி ரத்தத்தில் விட்டுவிடும். அப்புறம் என்ன, ரிப்போர்ட்டில் அதற்கும் 'அதிகம்' என்று ஒரு 'எச்' விழும்.

இதையெல்லாம் படித்துவிட்டு வளர்ச்சிக் காரணிப் பரிசோதனையே ஏமாற்று வேலை என்ற முடிவுக்கு வந்துவிட வேண்டாம். அவை கச்சிதமாக வேலை செய்கிற இடங்கள் உண்டு. எல்லாமே அபூர்வமான நோய்கள்.

எனக்குப் பிடித்த உதாரணம் எஃப்ஜிஎஃப்-23, பாஸ்பேட்டைச் சிறுநீரில் வெளியேற்றவைக்கும் காரணி. நாற்பது வயதுக்காரர் ஒருவருக்கு எலும்பெல்லாம் வலி. நடை வாத்து மாதிரி ஆகிவிட்டது, லேசாகத் தடுக்கினாலே விலா எலும்பு விரிசல் விடுகிறது. வாதம் என்று ஒருவர், வைட்டமின் டி குறைவு என்று இன்னொருவர், முதுகுத்தண்டு என்று மூன்றாமவர். இப்படியே வருடங்கள் ஓடும். யாராவது ஒரு டாக்டர் ரத்தத்தில் பாஸ்பேட் பார்ப்பார், தரைமட்டத்தில் கிடக்கும். சிறுநீரில் பாஸ்பேட் ஒழுகிக்கொண்டிருக்கும். எங்கோ பாதத்திலோ தாடையிலோ தொடையிலோ பட்டாணி அளவுக்குச் சின்னக் கட்டி ஒன்று எஃப்ஜிஎஃப்-23-ஐச் சுரந்து தள்ளிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் சாதுவான கட்டி, வெளியே தெரியவே தெரியாது, விசேஷ பெட் ஸ்கேனில்தான் பிடிபடும். அதை முழுசாக எடுத்துவிட்டால் சில மணி நேரத்திலேயே எஃப்ஜிஎஃப்-23 விழுந்துவிடும், சில நாளில் பாஸ்பேட் தானாக ஏறும், சில மாதத்தில் ஆள் எழுந்து நடப்பார். கட்டியில் மிச்சம் வைத்துவிட்டாலோ, திரும்ப முளைத்தாலோ, அந்த எண் மறுபடி ஏறிக் காட்டிக்கொடுத்துவிடும். மார்க்கர் என்றால் இப்படி இருக்க வேண்டும். இங்கேயும் ஒரு எச்சரிக்கை: சிறுநீரகம் செயலிழந்தவருக்கு எஃப்ஜிஎஃப்-23 தானாகவே கன்னாபின்னாவென்று ஏறிக்கிடக்கும், அவரிடம் இந்தக் கணக்கு செல்லாது.

ஐஜிஎஃப்-2-உம் அப்படித்தான். நுரையீரல் உறையில் வளரும் ஒருவகைப் பெரிய நார்க்கட்டி, சரியாகப் பதப்படாத பருமனான ஐஜிஎஃப்-2-ஐ ரத்தத்தில் விடும். அது இன்சுலின் வேஷம் போட்டுக்கொண்டு சர்க்கரையை இறக்கிவிடும். நள்ளிரவில் வியர்த்து மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். பார்த்தால் இன்சுலினும் குறைவு. டோஜ், பாட்டர் என்ற இருவர் 1930-ல் தனித்தனியே விவரித்ததால் அவர்கள் பெயரே அந்த நோய்க்கு நிலைத்தது. இதில் ஐஜிஎஃப்-2-ஐ மட்டும் அளந்தால் ஏமாந்துபோகலாம், சில நேரம் சாதாரண அளவாகவே இருக்கும். ஐஜிஎஃப்-1 அமுங்கிப்போயிருக்கும் என்பதால் இரண்டின் விகிதத்தைப் பார்ப்பார்கள். வழக்கமாக 3 அளவில் இருப்பது 10-ஐத் தாண்டினால் சந்தேகம் உறுதியாகும்.

விஇஜிஎஃப்-க்கே உரிய இடம் ஒன்றும் இருக்கிறது: போயம்ஸ் நோய். பிளாஸ்மா செல்கள் கோளாறாகி, கால் நரம்புகள் செயலிழந்து, தோல் கறுத்து, ஈரலும் மண்ணீரலும் வீங்கும் நோய் அது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் குழு 2011-ல் வெளியிட்ட கணக்குப்படி, பிளாஸ்மா விஇஜிஎஃப்-க்கு 200 பிகோகிராமை எல்லையாக வைத்தால் அந்த நோய் இல்லாதவர்களில் 95 சதவீதம் பேரைச் சரியாக ஒதுக்கிவிடலாம். நோய் உள்ளவர்களில் 68 சதவீதம் பேரைப் பிடிக்கலாம். சிகிச்சை பலித்தால் எண் இறங்கும், நோய் திரும்பினால் ஏறும். சரி, விஇஜிஎஃப்தான் வில்லன் என்றால் பெவாசிஸுமாப் கொடுத்தால் சரியாகிவிடுமே என்று கொடுத்தும் பார்த்தார்கள். சிலருக்கு உதவியது, சிலர் இறந்தும்போனார்கள். நோயின் அளவைக் காட்டும் பொருள்தான் நோயை ஓட்டும் பொருளாகவும் இருக்கும் என்று நம்பிக் கை சுட்டுக்கொண்ட இடங்களில் இதுவும் ஒன்று.

இந்த மூன்றிலும் காரணியை அளவுக்கு மீறிக் கொட்டுவதுதான் நோயே. உடம்பின் இயல்பான சுரப்பு அதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. குடல் புற்றில் அப்படி இல்லை.

இப்போது மாமாவுக்கு வருவோம். சிஇஏ 148-லிருந்து 31. இதுவும் குறையே இல்லாத மார்க்கர் கிடையாது: புகைபிடிப்பவருக்குச் சற்று ஏறியிருக்கும், கல்லீரல் கோளாறில் ஏறும், கீமோ தொடங்கிய முதல் நான்கு முதல் ஆறு வாரங்களில் கட்டிச் செல்கள் உடைவதால் பொய்யாக ஏறி இறங்கவும் செய்யும். ஆனால் குடல் புற்றில் இதை 1965-லிருந்து அறிவோம், எங்கே பொய் சொல்லும் என்பதும் பழகிவிட்டது. தொடர்ந்து இறங்குகிறது என்றால் அதற்கு மதிப்பு உண்டு.

அதைவிடப் பெரிய சாட்சி சிடி ஸ்கேன். ஆறு சுற்று முடிந்துவிட்டதால் ஒன்று எடுத்திருப்பார்கள், அல்லது எடுக்கப்போகிறார்கள். அளந்த கட்டிகளின் விட்டங்களைக் கூட்டி, 30 சதவீதம் குறைந்திருந்தால் நல்ல பலன் என்றும், 20 சதவீதம் கூடியிருந்தால் நோய் முன்னேறுகிறது என்றும் கணக்கு. பெவாசிஸுமாப் போடுபவர்களுக்கு ஈரல் கட்டிகள் அளவில் அதிகம் சுருங்காமலே, ஓரம் மழுங்கி, உள்ளே ஒரே சீராக மாறிவிடுவதும் உண்டு. அதுவும் நல்ல சகுனம்தான். ரேடியாலஜிஸ்ட் ரிப்போர்ட்டில் அப்படி ஏதாவது எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள்.

இந்த ஊசி போடும் காலத்தில் கட்டாயம் பார்க்க வேண்டிய பரிசோதனைகள் இரண்டு உண்டு, இரண்டும் மலிவு. ஒன்று ரத்த அழுத்தம், மற்றது சிறுநீரில் புரதம். விஇஜிஎஃப்-ஐ அடைத்தால் இரண்டும் ஏறக்கூடும். வீட்டில் பிபி மெஷின் இருந்தால் வாரம் இரண்டு நாள் பார்த்துக் குறித்து வைக்கச் சொல்லுங்கள், டாக்டருக்கு அந்தக் காகிதம் உபயோகப்படும்.

டாக்டரிடம் கேட்க ஒரே ஒரு கேள்வி கேட்கலாம் என்றால் நான் இதைக் கேட்பேன்: ஈரலில் உள்ள கட்டிகளை அறுவை செய்து எடுக்க வாய்ப்பு இருக்கிறதா? இருக்கிறது என்றால் பெவாசிஸுமாபைச் சில வாரம் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் காயம் ஆறுவது தாமதப்படும். குறைந்தது 28 நாள் இடைவெளி என்பது விதி. ஈரல் அறுவைக்கு ஆறு வாரம்வரைகூட விடுவார்கள். அந்த நாட்களில் யாராவது மறுபடி அதே பேக்கேஜ் எடுத்தால், மருந்து மெல்லமெல்லக் கரைவதால் விஇஜிஎஃப் தானாக இறங்கும். 'ஊசியை நிறுத்தியதும் குறைந்துவிட்டதே, அப்போது ஊசிதான் கெடுதலா' என்று வீட்டில் ஒரு புதுக் குழப்பம் கிளம்பும்.

அந்த 610 ரிப்போர்ட்டைக் கிழித்துப் போட வேண்டாம். கடைசி ஊசி போட்டு எத்தனையாவது நாள், எந்தக் குழாய், அன்றைக்குப் பிளேட்லெட் எத்தனை என்று மேலே பென்சிலில் எழுதி ஃபைலின் பின்பக்கம் செருகி வையுங்கள். முன்பக்கத்தில் சிடி ஸ்கேன் இருக்கட்டும்.